வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பது

எங்கள் தெரு முக்கில் கேமரா வைத்த அன்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பத்தொன்பது வருஷமாக அந்த வேலையை நான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டைப் பார்த்த மாடி வீடு எங்களுடையது. மாடி ஜன்னலில் நின்றால் தென்காசிப் பக்கமிருந்து வருகிற அத்தனை வண்டியும் தெரியும். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பையோடு பஸ் ஏறினாள், மருத்துவர் சாப்பிடக்கூடாது என்று சொன்ன பிறகும் யார் பார்டர் கடைப் பரோட்டாவைத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுபோகிறார் என்றெல்லாம் தெரிய வேண்டுமென்றால் இந்தத் தெருவில் ஆனந்தவள்ளியைக் கேட்டால் போதும். அப்படி இருக்கும்போது, கம்பத்தில் ஏறி ஒருவன் வெள்ளைப் பெட்டி ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

ஜன்னலில் நின்றபடியே கேட்டேன். "ஏ தம்பி, இது எங்க வீட்டையும் எடுக்குமோ?"

"ரோட்டுல போற வண்டியத்தான் எடுக்கும்க்கா. ஹெல்மெட் போடாதவன், மூணு பேரா போறவன், போன் பேசிட்டே ஓட்டுதவன். நம்பரப் பாத்து, வண்டிக்காரன் செல்லுக்கு மெசேஜ் போயிரும்."

"படத்தோடயா?"

"படம் இல்லாம எப்படி? ஆதாரம் வேணும்லா. நீங்க நைட்டியோட நிக்கது வராது, பயப்படாதீய."

இளக்காரத்தைப் பாருங்கள். ஆனால் அந்தப் பையன் சொன்னதை நம்பினேன். அதுதான் நான் செய்த பிழை.

கேமரா வருவதற்குக் காரணம் ஜெபஸ்டின் அண்ணாச்சி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறார். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட உரசியதில்லை என்பார். நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய ஒரே மகன் பாண்டியராஜ் தென்காசியில் ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தான். போன வருஷம் குற்றாலச் சீசன் சமயம், ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சாரல் முற்றி மழையாகி, ரோட்டில் ஆளே இல்லை. வேலை முடிந்து பைக்கில் வந்தவனை எங்கள் வீட்டுக்கு நேர் முன்னால் ஏதோ ஒரு வண்டி பின்னாலிருந்து தட்டிவிட்டுப் போய்விட்டது. நேரம் ஐந்து நாற்பது. அவன் கைக்கடிகாரம் அதில் நின்றிருந்ததால் தெரியும். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த வழியாக வந்த ஒரு ஆட்டோக்காரர் அவனைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்று ஆஸ்பத்திரியில் இழுத்தார்கள்.

போலீஸ் தெருவில் வீடு வீடாகக் கேட்டது. நான் பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தேன், கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதையே எழுதிக்கொண்டார்கள். அடையாளம் தெரியாத வாகனம் என்று கேஸ் கிடப்பில் போனது. அண்ணாச்சி மட்டும் மூன்று தடவை என் வீட்டுப் படியேறி வந்து கேட்டார். "ஆனந்தவள்ளி, நீ பாக்காம இந்த ரோட்டுல ஒரு வண்டி போயிருக்குமா?" மூன்று தடவையும் மாவு, கிரைண்டர், பின்கட்டு. ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

பிறகு அவர் மனுமேல் மனுவாகப் போட்டு, பத்து மாதம் அலைந்து, கேமராவைக் கொண்டுவந்தார். மகன் போன பிறகு வந்த கேமரா யாருக்கு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முதலில் பேசியது நான்தான்.

ஜூன் மாதம் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்து, ரோடு முழுக்கக் கார் வரிசையாக நின்றபோது, ஒரு சனிக்கிழமை காலையில் எப்சிபா என் மாடிக்கு ஏறி வந்தாள். பாண்டியராஜின் மனைவி. எல்.கே.ஜி. டீச்சர். அவள் மாடிக்கு வந்ததே இல்லை. கையில் அவனுடைய செல்போன். கேஸ் சிலிண்டர் புக்கிங்குக்கு அந்த நம்பர்தான் கொடுத்திருக்கிறது என்று அதற்குத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். ஒரு சிலிண்டருக்காக யாராவது பத்து மாதம் தினமும் சார்ஜ் போடுவார்களா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில விஷயங்களில் நாகரிகம் உண்டு.

"அக்கா, இதப் பாருங்க. யாருட்டயும் சொல்லிராதீய."

இந்தத் தெருவிலேயே என்னிடம் போய் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவள்.

ஹெல்மெட் அணியாததற்கு அபராதம் என்று மெசேஜ். கீழே பாண்டியராஜின் வண்டி நம்பர். நேற்றைய தேதி. நேரம் ஐந்து நாற்பது. லிங்கைத் தொட்டதும் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வந்தது. சாரலில் எல்லாம் பால் கரைத்தது போல் வெளிறிக் கிடந்தது. நடுவில் அந்தக் கறுப்பு பைக். ஓட்டுகிறவன் தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை.

"வண்டி உங்க முத்தத்துலதான கெடக்கு?"

"தார்பாய் மூடிக் கெடக்கு. ஸ்டேஷன்ல இருந்து எடுத்துட்டு வந்த நாள்லருந்து நான் தொடல. நேத்து சாயங்காலம் நான் ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டேன். மாமா வீட்லதான் படுத்திருந்தாவ."

"எவனாவது நம்பர் பிளேட்டைக் காப்பியடிச்சிருப்பான். இப்ப அதெல்லாம் சாதாரணம்ட்டி."

"சட்டையுமா காப்பியடிப்பான்?" படத்தை விரலால் விரித்துக் காட்டினாள். விரிக்க விரிக்கப் படம் கட்டங்கட்டமாக உடைந்தது. "தோளப் பாருங்க. இடது பக்கம் சாஞ்சிருக்கு. அவிய அப்படித்தான் ஓட்டுவாவ. எத்தன தடவ நேரா உக்காருங்கன்னு பின்னால இருந்து குத்தியிருக்கேன்."

நான் சிரித்து மழுப்பி, காபி கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு டம்ளரைக் கழுவாமல் ஜன்னலில் போய் நின்றேன். ஏனென்றால், அந்த பைக்கை முந்தின நாள் ஐந்து நாற்பதுக்கு என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். சாரலுக்குள்ளிருந்து அது சத்தம் குறைவாக வந்தது. அந்தச் சட்டை, அந்தச் சாய்ந்த தோள். ஜன்னலுக்கு நேரே வரும்போது துண்டு சுற்றிய தலை லேசாக மேலே திரும்பியது. கண்ணில் ஏதோ கோளாறு, சுகர் கூடியிருக்கும் என்று சொல்லி என்னையே சமாதானப்படுத்தியிருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால், அந்த நேரத்தில் ஜன்னலில் உனக்கு என்ன வேலை, அது உன் மாவாட்டும் நேரமல்லவா என்று கேட்பார்களே.

கேமராவும் பார்த்திருக்கிறது என்றால் சுகர் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு இன்னொரு மெசேஜ். அதற்கடுத்த வெள்ளியும். எப்சிபா ஜெபக்கூட்டத்தில் இருக்கும்போது செல்போன் அவள் பைக்குள் துடிக்குமாம். நான்காவது வாரத்திலிருந்து அவள் முகம் மாறிவிட்டது. பயம் போய் ஒருவிதமான காத்திருப்பு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துப் பூ வைக்க ஆரம்பித்தாள். புருஷன் போன பிறகு அவள் பூ வைத்ததில்லை. அபராதத்தை ஆட்சேபித்து எழுதிப் போட்டால் மெசேஜ் நின்றுவிடும் என்று அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம்.

"அதுல, இந்த வண்டிக்காரர் இறந்துட்டாருன்னு நான் கையெழுத்துப் போடணும்க்கா. எழுதுன பொறவு அவிய வரமாட்டாவல்லா," என்றாள்.

வெயில் அடிக்கும் மத்தியான நேரம்தான் அது. நான் தோளில் கிடந்த துவாலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆறாவது வெள்ளி, பைக் என் ஜன்னலைத் தாண்டிய பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனேன். தார்பாய் போட்டபடி கிடந்தது. கயிறு முடிச்சு மாறவில்லை. உள்ளே அண்ணாச்சி கட்டிலில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சைக்கிளைக்கூடத் தொடாத மனுஷன். தார்பாய்க்குள் கையை விட்டேன். சைலன்சர் சுட்டது. இரண்டு விரல் கொப்பளித்தது. கறிவேப்பிலை கேட்காமலே வந்துவிட்டேன்.

ஏழாவது மெசேஜ் வந்ததும் அண்ணாச்சியே பேச்செடுத்தாராம். "ஏட்டி எப்சி, இத ஸ்டேஷன்ல காட்டிரு. அங்கன பெரிய படமா இருக்கும், மூஞ்சி தெளிவாத் தெரியும். தனியாப் போகாத. ஆனந்தவள்ளியக் கூட்டிட்டுப் போ. அவளுக்குத்தான் வெவரம் தெரியும்."

அந்தப் பாராட்டில் நான் விழுந்தேன். பெரிய படத்தில் அது யார் என்று தெரிந்துவிட்டால் நானும் இரவில் தூங்கலாம் என்ற நப்பாசையும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் போனோம்; அன்றும் எப்சிபா பூ வைத்திருந்தாள். ஏட்டு சுடலையாண்டிதான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். அச்சன்புதூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் நாலு பேர் போலீஸ், இரண்டு பேர் பட்டாளம். பாண்டியராஜ் கேஸில் எங்கள் தெருவில் வாக்குமூலம் எழுதியவரும் அவர்தான். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, இன்னைக்கு யார் வீட்டு வழக்கு?" என்றார்.

எப்சிபா நம்பரைச் சொன்னாள். ஏட்டு ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரை முழுக்க முதல் படம் விரிந்தது. தபால்தலையில் தெரியாததெல்லாம் தெரிந்தது. ரோட்டில் விழுந்து தெறிக்கும் துளி. சட்டையில் மூன்றாவது பட்டன் மட்டும் வேறு நிறம்.

"அந்தப் பட்டன் நான் தச்சது," என்றாள் எப்சிபா. அவள் குரல் எங்கிருந்தோ வந்தது.

அவர் அடுத்தடுத்த படங்களைத் தள்ளினார். ஒவ்வொன்றிலும் அதே துண்டு, அதே தோள். பைக்குக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, நீலத் தார்பாய் கட்டிய ஒரு குட்டியானை வண்டி. ஐந்தருவி கடைகளுக்குச் சனி ஞாயிறு கூட்டத்துக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு கொண்டுபோகும் லோடு வண்டி. ஏழு படத்தில் ஐந்தில் அது இருந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. திரும்பினோம். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. தலையையும் முகத்தையும் சுற்றிய துண்டு. இடது தோள் தாழ்ந்து நின்றது.

எப்சிபா எழுந்திரிக்கக்கூட இல்லை. "வந்துட்டியளா," என்று மட்டும் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரைக் கேட்பது போல.

துண்டை அவிழ்த்தார். ஜெபஸ்டின் அண்ணாச்சி.

அந்தத் தோள் மகனுடையது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது முதலில் அப்பனுடையது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டியரிங்கில் சாய்ந்த தோள். எல்லாவற்றையும் கவனிக்கிற என் கண்ணுக்கு அது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"மன்னிச்சுக்கிடுங்க ஏட்டையா," என்றார். "ஏழு தடவையும் நான்தான் ஓட்டுனேன். வேணும்னேதான் ஹெல்மெட் போடல."

"எதுக்கு அண்ணாச்சி?" என்றார் ஏட்டு.

"கேமரா வச்ச மொத வாரம் ஒங்கள்ட்ட வந்து கேட்டேன்லா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஞ்சு நாப்பதுக்கு எடுத்தத எனக்குக் காட்டுவியளான்னு. நீங்க என்ன சொன்னிய? எல்லாத்தையும் வச்சுக்கிட முடியாது, பதினஞ்சு நாள்ல அழிஞ்சிரும், தப்பு செஞ்சவன் படம் மட்டுந்தான் ஆதாரமா நிக்கும்னிய. அப்ப நான் தப்பு செஞ்சாத்தான அந்த நேரம் அழியாம நிக்கும்?"

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"மாமா," என்றாள் எப்சிபா. "அவிய சட்டையப் போட்டுக்கிட்டு..." தலையிலிருந்த பூவைத் தடவிப் பார்த்து, மெதுவாக உருவி, மேசை ஓரத்தில் வைத்தாள்.

"என் சட்டையப் போட்டா நீ மூஞ்சியப் பாக்காமலே எம்மாமான்னு சொல்லியிருப்ப. படம் இங்கன வரைக்கும் வந்திருக்காதும்மா." அவர் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். பிறகு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பின்னால வார லோடு வண்டியப் பாக்க வேண்டாம் ஏட்டையா. அது ரெண்டு வாரம் வரல. மேல அந்த மூலையில ஒரு ஜன்னல் இருக்கு பாருங்க. அதப் பெருசாக்குங்க."

பெரிதாக்கினார். பூப்போட்ட நைட்டி, தோளில் துவாலை, ஜன்னல் கம்பியைப் பிடித்த கை. பாஸ்போர்ட் போட்டோவில்கூட நான் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. அடுத்த படம். அதே கம்பி, அதே கை. ஏழு படத்திலும்.

"ஏழு வெள்ளிக்கிழமை," என்றார் அண்ணாச்சி. கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்வது போல. "அஞ்சு நாப்பதுக்கு நீ பின்கட்டுல மாவாட்டுத ஆள் இல்ல, ஆனந்தவள்ளி. அன்னைக்கும் அங்கனதான நின்ன?"

ஏட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"பயமா இருந்துச்சு," என்றேன். "கோர்ட்டு, சாட்சி, அதுக்கில்ல. அவன் எறங்கிப் பாத்தான். பொறவு மேல என்னையப் பாத்தான். என் வீடு அவனுக்குத் தெரியும். அன்னைக்குலருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த எடத்துக்கு வரும்போது மேல பாப்பான். நான் நிக்கனா, யார்ட்டயும் சொல்லிட்டனான்னு பாப்பான். நிக்காம இருந்தா சொல்லப் போயிட்டேன்னு நெனச்சிருவானோன்னு நான் நிப்பேன்."

"எந்த வண்டி?" என்றார் ஏட்டு.

திரையில் நீலத் தார்பாய் மீது விரலை வைத்தேன். கொப்பளித்து ஆறாத விரல்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஓட்டியவன் பெயர் மாரிச்செல்வம், இருபத்தி நாலு வயசு. ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லையாம். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முன் பம்பரை எந்த ஒர்க்‌ஷாப்பில் மாற்றினான் என்பது வரை. தெருவில் எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது. லேட்டானாலும் சொன்னாளே என்று. நானும் அந்த மரியாதையைப் போர்த்திக்கொண்டு இரண்டு வாரம் நடமாடினேன்.

மூன்றாவது வாரம் எப்சிபா வந்தாள். மாடிக்கு ஏறவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, அந்தப் பையன் சொன்னத ஏட்டையா வாசிச்சுக் காட்டுனாவ. எறங்கிப் பாக்கும்போது அவியளுக்கு உசிரு இருந்துச்சாம். தூக்கலாமான்னு நெனச்சு மேல பாத்தானாம். ஜன்னல்ல நின்ன அக்கா கைய அசச்சாவ, போன்னு சொன்னாவ, அதான் போனேன்னு எழுதியிருக்கான்." கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "கைய எதுக்கு அசச்சிய?"

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆளைக் கூப்பிடப் போ என்று அசைத்தேன் எனலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று. ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்கியது அவனுக்கு அப்படித் தெரிந்தது என்று. எதைச் சொன்னாலும் நிற்கும். அன்றைக்குக் கேமரா இல்லை. ஆனால் அந்தக் கை என்னுடையது. என் வீட்டு வாசலில் எந்த வம்பும் வேண்டாம் என்று, கோழியை விரட்டுவது போல, புறங்கையால் இரண்டு தடவை.

"போன்னுதான் சொன்னேன்," என்றேன்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. இன்னொரு ஆளாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். நானே ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது அண்ணாச்சி வண்டியை எடுப்பதில்லை. பைக் தார்பாய்க்குள் கிடக்கிறது. நீல வண்டியும் வருவதில்லை. ஐந்தருவிக்குச் சரக்கு வேறு யாரோ கொண்டு போகிறார்கள். எப்சிபா மட்டும் ஜெபக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு வந்து, எதிரே அந்தக் கேமராக் கம்பத்தின் கீழே நிற்கிறாள். குடை பிடிப்பதில்லை. என் ஜன்னலைப் பார்க்கிறாள். முதல் தடவை நான் பின்கட்டுக்கு ஓடினேன். நிஜமாகவே மாவாட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் நனைந்துகொண்டு அங்கேயே நிற்கிறாள். அதன் பிறகு நான் ஒளிவதில்லை. ஐந்தரைக்கே வந்து கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறேன். கையை அசைக்காமல் இருக்க அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிஷம் பார்ப்பாள். போய்விடுவாள்.

நேற்றுச் சுடலையாண்டியிடம் கேட்டேன், நாங்கள் இரண்டு பேரும் இப்படி நிற்பது அதில் விழுமா என்று.

"விழும்க்கா," என்றார். "ஆனா நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல எந்தத் தப்பும் செய்யலல்லா. பதினஞ்சு நாள்ல அழிஞ்சிரும்."